மழை கேட்டுத் தொழுத வருஷம்

ஊரே மழை கேட்டுக் கையேந்தி நின்ற வெளியில், ஆமீன் சொல்லாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றவள் நான். எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பது வயதோ. வாய் மூடி நின்றதற்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. எனக்கு மழை வேண்டாம். வீட்டைச் சுற்றி எங்கள் வளவு முழுக்கத் தோல் காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் தோல் காய்ந்து கொழும்புக்குப் போனால்தான் எனக்கு மூத்தவ ராத்தாவுக்குக் கலியாணம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்திக் கதை என்று நினைத்து வந்து உட்கார்ந்தவர்கள் பிறகு என்னைத் திட்டக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவுக்குப் பக்கத்துக் குறுகல் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. வாப்பாவுக்குத் தோல் வியாபாரம். இறைச்சிக் கடைகளில் அறுத்த ஆடு மாடுகளின் பச்சைத் தோலை வாங்கி வந்து, கொழுப்பைச் சுரண்டி, உப்பை அள்ளிப் பூசி அடுக்கி வைப்பார். உப்பு ஊறி, தோல் தன் தண்ணீரைக் கக்கியதும் கொடியில் விரித்துக் காயவிடுவார். காய்ந்ததும் கட்டுக் கட்டாக லொறியில் ஏறும். அறுத்த மிருகத்தின் தோலைத்தான் தொடுவார். தானாகச் செத்த மாட்டின் தோலைச் சும்மா கொடுத்தாலும் வாசலுக்குள் எடுக்கமாட்டார். அது ஆகாது என்பார். அந்த விஷயத்தில் இரும்பு மாதிரியான மனிதர்.

தொழுகையில் அந்த இரும்பு இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவார். தேசிக்காய் தேய்த்துக் குளித்து, அத்தர் பூசி, வெள்ளைச் சாரம் உடுத்துப் போவார். போயும் கடைசி வரிசையில்தான் நிற்பாராம். மற்ற நாட்களில் பாங்கு சொன்னால் தலையில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். பாங்கு முடிந்ததும் மறுபடி சுரண்டுவார். அவ்வளவுதான்.

உம்மா நேர்மாறு. ஐந்து வேளையும் தவறாது. அதற்கு மேல் ஒவ்வொரு லொறி புறப்படும்போதும் உள்ளே போய் நன்றிக்கு ஷுக்ர் தொழுகை தொழுவா. பிறகு வட்டிலப்பம் அவித்து அயல் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவா. நல்லது வந்தால் நன்றி சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கொடுத்தவன் எடுத்துக்கொள்வான் என்பது உம்மாவின் கணக்கு. சுகமாயிருக்கும்போது நீ அல்லாவை நினைத்தால், கஷ்டத்தில் அவன் உன்னை நினைப்பான் என்று பள்ளிவாசலில் தொழுவிக்கும் லெப்பை ஓதியதை வாப்பாவே வந்து வீட்டில் சொல்லியிருக்கிறார். சொன்னது தப்பாகப் போயிற்று. உம்மா அதைப் பிடித்துக்கொண்டா.

“இப்ப கை நிறைய வருது. இப்ப தொழுங்கோ. கஷ்டம் வந்தாப் பிறகு ஓடிப்போய்ப் பாயிலை விழ ஆருக்கும் ஏலும்.”

வாப்பா கத்தியைக் கல்லில் தீட்டுவார். நான் உம்மாவின் பக்கம். வாப்பா நன்றிகெட்ட மனிதர் என்றுதான் எனக்கு எண்ணம். பிள்ளைகளுக்கு அப்படியெல்லாம் எண்ணம் வராது என்று சொல்பவர்கள் பிள்ளையாக இருந்ததை மறந்தவர்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை வரவில்லை. கார்த்திகை பிறந்தும் வானம் வெளுத்தே கிடந்தது. வழக்கமாகப் புரட்டாசி முடியும்போது வாப்பா கொடிகளை அவிழ்த்துவிடுவார். மாரியில் தோல் காயாது. அந்த வருஷம் அவிழ்க்கவில்லை. ஊருக்குப் பஞ்சம் வர வர எங்களுக்கு வியாபாரம் ஏறியது. வட்டுக்கோட்டையில், நீர்வேலியில், உரும்பிராயில் தீனி இல்லாமல் ஆடு மாடுகளை வந்த விலைக்கு விற்றார்கள். இறைச்சிக் கடைகளில் தோல் குவிந்தது. வெயிலோ மேலே நின்று காய்ச்சியது. அப்படி ஒரு வெயிலை வாப்பா தன் ஆயுளில் கண்டதில்லை. வளவில் கொடி கட்ட இடமில்லாமல் கிணற்றடி வரைக்கும் கட்டினார்.

எங்கள் தெருவில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். வளவின் பின்பக்கத்தில் ராத்தாவுக்காக வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் ஏறிவிட்டது. ஓடு போடுவதுதான் பாக்கி. மாப்பிள்ளை மாமியின் மகன். வாப்பாவின் சொந்தத் தங்கச்சியின் பிள்ளை. சொந்தம் என்றாலும் மாமி தெளிவாகச் சொல்லிவிட்டா. கூரை ஏறட்டும், நிக்காஹ் வைப்பம். கூரை ஏற ஓடு வேண்டும். ஓடு வாங்கத் தோல் போக வேண்டும். இது எனக்கே விளங்கிய விஷயம். பொழுதுபட்ட பிறகு ராத்தா அந்தக் கூரையில்லாத அறைக்குள் போய் நிற்பா. கட்டிலை இந்தச் சுவரோடு போடலாமா அந்தச் சுவரோடு போடலாமா என்று என்னைக் கேட்பா. நான் பெரிய மனுசி மாதிரி ஜன்னல் பக்கம் காட்டுவேன்.

இனிக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பங்குக் கிணறு. பாதி எங்கள் வளவில், பாதி சாச்சாவின் வளவில். சாச்சா வாப்பாவுக்குத் தம்பி. கிணற்றுக்கு மேலால் தகர வேலி போகும். இரண்டு பக்கமும் கப்பி, இரண்டு பக்கமும் வாளி, கீழே தண்ணீர் ஒன்று. வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் தொழக் கைகால் கழுவி உளு எடுக்கும்போது அந்தப் பக்கம் சாச்சி பாத்திரம் கழுவுவா. இரண்டு வீட்டுச் சண்டையும் சிரிப்பும் அந்தக் கிணற்றுக்குள் விழுந்து எதிரொலித்துத்தான் மற்றவருக்குக் கேட்கும்.

கடல் கிட்ட என்பதால் கோடை முற்றினால் எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர்க்கும். அந்த வருஷம் எல்லாமே உவர்த்தன. எங்கள் கிணறு கொஞ்சம் கூடுதலாக உவர்த்தது. ஒருநாள் காலை, கப்பி ஓடிய சத்தத்தோடு வேலிக்கு அந்தப் பக்கம் சாச்சாவின் குரல் வந்தது. அண்ணனை அவர் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“காக்கா, நிக்கிறீங்களோ?”

“நிக்கிறன். சொல்லு.”

“தண்ணியைக் குடிச்சுப் பாத்தனீங்களோ?”

“மழையில்லாத தண்ணி. உவர்க்காமல் இனிக்குமே?”

“கடலுப்பு எனக்குத் தெரியும் காக்கா. இது வேறை. தேத்தண்ணி குடிச்சா ஆட்டுக்கடாவை நக்கின மாதிரிக் கிடக்கு.”

“அப்ப சீனியைக் கூடப் போடு.”

“சீனி கூப்பனுக்குத்தான் தாறாங்கள். உப்புத்தான் உங்கடை புண்ணியத்திலை சும்மா வருது.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வாப்பா சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது.

“தெரு முழுக்கக் கிணறு உவர்த்துப் போய்க் கிடக்கு. எல்லாக் கிணத்துக்கையும் நான்தான் உப்புக் கொட்டினனானோ? சொல்லு பாப்பம்.”

உண்மையிலேயே தெரு முழுக்கக் கிணறு உவர்த்துத்தான் கிடந்தது. அன்றோடு சாச்சா வீட்டார் அந்தக் கிணற்றில் வாளி விடவில்லை. சாச்சி தெருமுனைப் பைப்பில் வரிசையில் நின்றா. உம்மா அனுப்பிய வட்டிலப்பம் மூடின துணி அவிழாமலே திரும்பி வந்தது. அண்ணனும் தம்பியும் தெருவில் கண்டால் ஸலாம் மட்டும் சொல்வார்கள். ஸலாம் சொல்லாமல் விட்டால் பாவம் என்பதால்.

எனக்குச் சாச்சாமேல் கடும் கோபம். எங்கள் வீட்டில் நல்ல காலம் வந்தது பொறுக்காமல் கதைக்கிறார் என்று நினைத்தேன். உம்மாவும் அப்படித்தான் சொன்னா.

கார்த்திகை பாதி போனபோது பள்ளியில் அறிவித்தார்கள். மழைத் தொழுகை தொழப்போகிறோம். அதற்கு முன் மூன்று நாள் எல்லோரும் நோன்பு பிடிக்க வேண்டும். ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். கோபித்திருப்பவர்கள் சேர்ந்துகொள்ள வேண்டும். அடுத்தவனுக்கு அநியாயம் செய்தவன் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். இதெல்லாம் செய்யாமல் வெளியில் போய் நின்று கையேந்தினால் கை நோகும், மழை வராது என்று லெப்பை சொன்னாராம்.

மறுநாள் வாப்பாவோடு சைக்கிளில் இறைச்சிக் கடைக்குப் போனேன். கடை வாசலில் நீர்வேலிக்காரர் ஒருவர் இரண்டு ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி நின்றார். நெற்றியில் திருநீறு, காலெல்லாம் செம்மண். ஆடுகளின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. வாப்பாவைத் தெரிந்தவர்.

“வாழையெல்லாம் சாஞ்சு போச்சுது காக்கா. கிணறு அடியைக் காட்டுது. இதுகளை வைச்சிருந்து என்னத்தைத் தீத்துறது?”

வாப்பா தலையாட்டினார்.

“உங்கடை ஆக்கள் மழை கேட்டுத் தொழப் போறியளாம். எங்கடை பக்கத்துக்கும் சேத்துக் கேளுங்கோ. நாங்கள் கேட்டுப் பாத்திட்டம். எங்கடையாள் காது குடுக்கிறாரில்லை.”

“கேக்கிறம்” என்றார் வாப்பா.

அந்த இரண்டு ஆட்டுத் தோலையும் மாலையில் வாப்பாதான் வாங்கி வந்தார். உப்புப் பூசினார். மெல்லிய தோல். சீக்கிரம் காய்ந்துவிடும் என்று உம்மா சந்தோஷப்பட்டா.

மூன்று நாளும் வாப்பா நோன்பு பிடித்தார். அரிசி கொடுத்தார். சாச்சா வீட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. உம்மாவுக்குச் சாச்சாமேல் கோபம் என்றாலும் லெப்பையின் சொல்லுக்குப் பயம்.

“போய்த் தம்பியோடை ஒரு சொல்லுக் கதைச்சிட்டு வாங்கோவன்.”

“என்னத்தைக் கதைக்க?”

“பிழை அவரிலையெண்டாலும் நீங்கள் மூத்தவரெல்லோ.”

வாப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்.

கடைசி நோன்பன்று பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது உம்மா பேரீச்சம்பழமும் பைப்புத் தண்ணீரும் எடுத்து வைத்திருந்தா. வாப்பா பழத்தைத் தொடவில்லை. கிணற்றடிக்குப் போய் வாளியை விட்டு அள்ளி, அந்தத் தண்ணீரில் நோன்பு துறந்தார். ஒரு மிடறு குடித்தார். அடுத்த மிடற்றை வாயில் வெகுநேரம் வைத்திருந்து பிறகு விழுங்கினார். வேலிக்கு அந்தப் பக்கம் சாச்சா வீட்டில் கோப்பைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று சாச்சாவுக்குக் காட்டத்தான் வாப்பா அப்படிக் குடிக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் சூரியன் ஏறும் நேரத்தில் பள்ளிக்குப் பின்னாலிருந்த வெளியில் எல்லோரும் கூடினார்கள். பெருநாள் மாதிரித்தான் தொழுகை. உடுப்பு மட்டும் நேர்மாறு. பழைய உடுப்பு உடுத்த வேண்டும். அத்தர் பூசக்கூடாது. அல்லாவுக்கு முன்னால் பிச்சைக்காரராகப் போக வேண்டும். துணிக் கடைக்காரர்கள் கூட எங்கோ மூலையில் கிடந்த கிழிந்த சாரத்தைத் தேடி எடுத்து உடுத்து வந்திருந்தார்கள். வாப்பாவுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. வேலைச் சாரத்தைத் தோய்த்து உடுத்திருந்தார். தோய்த்தும் மணம் போகவில்லை. அத்தரும் இல்லை.

பின்னால் பெண்களுக்குத் தனியாகப் பாய் விரித்திருந்தார்கள். பிள்ளைகளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாவமில்லாத வாய்கள் என்று. ஆடு மாடுகளையும் கொண்டுவந்தார்கள். வாயில்லாச் சீவன் கத்தினால் அல்லாவுக்கு இரக்கம் வரும் என்று, குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டியிருந்தார்கள். வாப்பா அந்தப் பக்கத்தால் வந்ததும் ஆடுகள் வெருண்டன. ஒரு கிடாய் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு தொழுகை வரிசைக்குள்ளால் ஓடியது.

“காக்கா, கொஞ்சம் காத்துக்குக் கீழை நில்லுங்கோ. அதுகள் தங்கடை சொந்தக்காரரை மணக்குதுகள்” என்று யாரோ சொன்னான். ஊர் சிரித்தது. வாப்பாவும் சிரித்தார். காற்றுக்குக் கீழே போய் நின்றார்.

தொழுகை முடிந்து லெப்பை ஓதினார். பிறகு தொழும் திசையான கிப்லாப் பக்கம் திரும்பி, தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் புறம் மாற்றிப் போட்டார். ஆண்கள் எல்லோரும் தங்கள் சால்வையைப் புறம் மாற்றினார்கள். நிலைமையை மாற்று என்று சொல்லாமல் சொல்வது. வாப்பாவின் சால்வையின் உட்புறத்தில் உப்புப் பூத்த வெள்ளைக் கறை இருந்தது. அது வெளியே வந்தது. லெப்பை கையேந்தித் துஆக் கேட்கக் கேட்கப் பிள்ளைகள் ஆமீன் என்று கத்தினார்கள். புறங்கை வானத்தைப் பார்க்கக் கையைத் தூக்கியிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். வாயைத் திறக்கவில்லை. என் வாய்க்குத்தான் மதிப்பென்றால் அதை நான் ஏன் எனக்கெதிராகத் திறக்க வேண்டும்?

திரும்பி வரும்போது வாப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

“ஆமீன் சொல்லேல்லை நீ.”

கண்டுவிட்டார். நான் மறைக்கவில்லை.

“மழை வந்தா ராத்தாடை கலியாணம் நிண்டுடும்.”

சைக்கிளை ஒழுங்கைக்குள் திருப்பினார்.

“எனக்கும் ஆமீன் தொண்டையிலை நிண்டது புள்ளை. தள்ளித்தான் விட்டனான்.”

அன்று மழை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தெருவில் சனம் வானத்தைப் பார்த்தது. நான் தோலைப் பார்த்தேன். லொறிக்காரன் வருகிற நாள் குறித்தாயிற்று. இன்னும் கொஞ்சம் வெயில் போதும்.

லொறி வருவதற்கு முதல்நாள், நடுப்பகல் லுஹர் தொழுகை நேரத்தில் கிழக்கே இருட்டியது. காற்று வந்த வேகத்திலேயே மழையும் வந்தது. சும்மா மழை இல்லை. வானம் வாளியோடு கவிழ்ந்தது. நாங்கள் நால்வரும் வளவுக்குள் ஓடினோம். ஒரு கொடியை அவிழ்க்குமுன் அடுத்த கொடி அறுந்தது. நனைந்த தோல் எவ்வளவு பாரம் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். கொண்டுபோய் வைக்கவும் இடமில்லை. புது வீட்டுக்குக் கூரையில்லை. பழைய வீட்டு விறாந்தை பத்துத் தோலோடு நிரம்பியது. வெளியே தெருவில் பிள்ளைகள் கூரைப் பீலித் தண்ணீரில் குளித்துக் கூத்தாடினார்கள். யாரோ ஒரு கிழவர் தெருவில் நின்று அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதார். அந்த அழுகை எனக்கு இன்றும் காதுக்குள் கிடக்கிறது. அன்று அவரைக் கல்லால் எறியலாம் போல இருந்தது.

எப்போது வந்தார் என்று தெரியாது, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாச்சா எங்களோடு தோல் இழுத்துக்கொண்டு நின்றார். யாரும் கூப்பிடவில்லை. இருட்டும்வரை இழுத்தார். பிறகு அதே சாக்கோடு போய்விட்டார்.

நாள் கணக்காகப் பெய்தது. தோல் அழுகியது. மயிர் கழன்று, புழு விழுந்து, மணம் வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்கார்ந்தது. உப்பும் நிணமும் கரைந்து வெள்ளையாக ஓடிக் கிணற்றுக் கட்டைச் சுற்றித் தேங்கி, பிறகு காணாமல் போனது. எங்கள் ஊர் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியதைத் தன்னோடு வைத்திருக்காது. நேரே கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். ராத்தா ஜன்னலோரம் நின்று தன் வீட்டுச் சுவர் நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தா. அழவில்லை. அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மழை விட்ட காலையில் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரும் தகரப் பேணியோடு வீடு வீடாக ஓடினோம். ஒவ்வொரு கிணற்றிலும் அள்ளிக் குடித்துப் பார்ப்பது விளையாட்டு. முனை வீட்டுக் கிணறு இனித்தது. பள்ளிக் கிணறு இனித்தது. அதுவரை வாயில் வைக்க ஏலாமலிருந்த கடற்கரைப் பக்கத்துக் கிணறு கூட இனித்தது. எனக்கே சந்தோஷம் வந்துவிட்டது. தோல்தான் போயிற்று, தண்ணீராவது வந்ததே என்று. ஓடிவந்து கிணற்றடியில் நின்ற வாப்பாவிடம் சொன்னேன்.

“எல்லாக் கிணறும் இனிக்குது வாப்பா.”

“எல்லாமோ?”

“எல்லாம். கடற்கரைக் கிணறும்.”

வாப்பா வாளியை விட்டார். அள்ளினார். உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். துப்பவில்லை. என்னிடம் நீட்டினார். நான் ஒரு மிடறு வாயில் வைத்ததும் ஓங்காளித்துத் துப்பினேன். முன்னையிலும் மோசம். கைப்பு.

“தம்பி” என்று வேலியைப் பார்த்துக் கூப்பிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

“ஓம் காக்கா.”

“அள்ளிப் பார்.”

அந்தப் பக்கம் கப்பி ஓடியது. வாளி விழுந்தது. துப்புகிற சத்தம் கேட்டது. சாச்சாவுக்கு அது எவ்வளவு பெரிய வெற்றி. தெருவுக்கே கேட்கக் கத்தியிருக்கலாம். நானாயிருந்தால் கத்தியிருப்பேன்.

“இனி மழையிலை பழி போட ஏலாது” என்றார் வாப்பா. “நான்தான். என்ரை உப்புத்தான். பொறுத்துக்கொள்.”

“விடுங்கோ காக்கா” என்றது தகரத்துக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

வாப்பா காலைக் கழுவினார். பைப்புத் தண்ணீர் வாளியில் உளு எடுத்தார். உம்மா காயப்போட்டிருந்த பாயை எடுத்து ஈர நிலத்தில் விரித்து, கிப்லாவைப் பார்த்துத் தக்பீர் சொல்லிக் கீழே விழுந்தார். குனிகிற ருகூஉ இல்லை, ஒன்றுமில்லை. நேரே சுஜூது. நன்றி சொல்லும் ஷுக்ர் சுஜூது. நெற்றி பாயில். வெகுநேரம் எழும்பவில்லை. தோள் குலுங்கியது.

அடுப்படி வாசலில் உம்மா நின்றா. வாப்பா எழுந்து உட்காரும்வரை பொறுத்திருந்துதான் கேட்டா. சுஜூதில் இருப்பவரைக் குழப்பக்கூடாது என்ற மார்க்கம் அந்த நேரத்திலும் உம்மாவுக்கு இருந்தது.

“என்னத்துக்கு ஷுக்ர்? எனக்கும் சொல்லுங்கோ. தோல் போனதுக்கோ, புள்ளைடை கலியாணம் நிண்டதுக்கோ, இண்டைக்கு மானமும் போனதுக்கோ?”

வாப்பா பாயைச் சுருட்டினார். உம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். சுகத்திலெல்லாம் ஒருநாள் விடாமல் நன்றி சொன்ன மனுசி. தன் பக்கத்தை ஒழுங்காகச் செய்தவ. அல்லா தன் பக்கத்தைச் செய்யவில்லை என்று அன்று அவவுக்குக் கோபம். கஷ்டப்படாதவர்கள் அந்தக் கோபத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அன்று லுஹரை உம்மா வழமைபோலத் தொழுதா. தொழுதுவிட்டு துஆக் கேட்காமல் எழும்பினா. அதுதான் முதல் தடவை நான் கண்டது.

அந்தக் கிழமையே கிணறு இறைத்தார்கள். தகர வேலியைக் கழற்றிச் சாய்த்துவிட்டு, உரும்பிராயிலிருந்து தண்ணீர் இறைக்கும் மெசின் கொண்டுவந்து அடிவரைக்கும் இறைத்தார்கள். ஊறி வர வர இறைத்தார்கள். கடைசியில் வாப்பா உள்ளே இறங்கிச் சேற்றைச் சுரண்டி வாளியில் போட, சாச்சா மேலே நின்று இழுத்தார். கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால். இரண்டு வாளிக்கு நடுவில் சாச்சா குனிந்து கேட்டார்.

“காக்கா, உங்களுக்கு முந்தியே தெரியுமோ?”

கீழே சுரண்டல் நின்றது.

“ஓம்.”

“எப்பவிலையிருந்து?”

“ஆவணியிலையிருந்து. தோலுக்கு உப்புப் பூசிற கைக்கு, அந்த உப்பு வாயிலை வந்தா விளங்காதே?”

“அப்ப ஏன் மழைத் தொழுகைக்கு வந்தனீங்கள்? மழை வந்தா மத்தக் கிணறெல்லாம் இனிச்சு, விஷயம் வெளிச்சுப் போடுமெண்டு தெரியுமெல்லோ.”

கிணற்றுக்குள் பேசினால் குரல் பெரிதாகிவிடும். வாப்பா மெதுவாகத்தான் சொன்னார். எனக்கும் கேட்டது, அடுப்படியில் நின்ற ராத்தாவுக்கும் கேட்டிருக்கும்.

“நானாச் சொல்ல வாய் வரேல்லை தம்பி. ஒவ்வொரு லொறி போகேக்கையும் சொல்லுவம் எண்டு பாத்தனான். புள்ளைடை ஓடு கண்ணுக்கு முன்னாலை வரும். தொழவும் ஏலேல்லை. வாயிலை உப்போடை அல்லாட்டை என்னத்தைச் சொல்ல? கடைசியிலை, அவனே சொல்லட்டும் எண்டு விட்டன்.”

சாச்சா கயிற்றை ஒருதரம் அசைத்தார். கீழே மறுபடி சுரண்டல் கேட்டது.

ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டு நான் விளங்கிக்கொண்டது இதுதான்: இந்த மனிதருக்கு மழை வரும், தோல் அழுகும், கலியாணம் நிற்கும் என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே போய்க் கையேந்தியிருக்கிறார். நான் கயிற்றைக் கீழே போட்டேன். நேரே அடுப்படிக்குப் போனேன்.

“உன்ரை கலியாணத்தைக் குழப்பத்தான் வாப்பா மழை கேட்டவர்” என்று ராத்தாவிடம் சொன்னேன்.

என் பக்கம் நிற்க இந்த வீட்டில் ஒருவராவது வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். எல்லாம் இழந்தவ அவதான். கோபப்பட முதல் உரிமை அவவுக்குத்தான்.

ராத்தா என் கன்னத்தில் அறைந்தா. அதுவரை என்மேல் கை வைத்ததே இல்லை. அறைந்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பை இரண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனா. நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அவ எதற்காக என்னை அடித்தா என்று விளங்காமல், அடுப்படியிலேயே நின்றேன்.